சோடா முதலாளியும் தைல முதலாளியும் பத்திரிகை முதலாளி ஆன கதை!

மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் கடை. மயிலாப்பூர் லஸ்ஸில் அமிர்தாஞ்சன் கம்பெனி. முன்னது மளிகை, சீமைச் சரக்கு, சோடா, சுருட்டு விற்றுப் பணம் குவித்தது. பின்னது தலைவலித் தைலம் விற்றுப் பணம் குவித்தது. இரண்டு கல்லாப் பெட்டியும் கடைசியில் போய் நின்ற இடம் ஒன்றேதான். பத்திரிகை ஆபீஸ்!

ஒருவர் வெள்ளைக்காரர். மாலைப் பேப்பரை விலைக்கு வாங்கினார். இன்னொருவர் காங்கிரஸ்காரர். சொந்தமாகவே தினசரி தொடங்கினார். இரண்டும் நடந்தது இதே சென்னையில், ஏழு வருஷ இடைவெளியில்.

சாப்பாட்டுச் சாமான் விற்கிறவருக்குப் பத்திரிகை எதற்கு? அவர் பேப்பரை அவர் வாடிக்கையாளரே காசு கொடுத்து வாங்கிப் படிக்கும்போது, அதில் எது வரும், எது வராது? இந்தக் கேள்வி நூறு வருஷத்துக்கு முன்னால் மவுண்ட் ரோட்டில் எழுந்தது. அப்புறம் கொழும்பில் எழுந்தது. 2022-ல் டெல்லியிலும் எழுந்தது. இன்னும் பதில் கிடைத்தபாடில்லை.

ஊசி முதல் சுருட்டு வரை

ஸ்பென்சர் தொடங்கியது 1863-ல். சார்லஸ் டுராண்ட் என்பவர் தொடங்கிய சின்னக் கடையில் ஜே.டபிள்யூ. ஸ்பென்சர் கூட்டுச் சேர்ந்தார். அவர் பெயர்தான் கடைக்கு நிலைத்தது. ஆனால் கடையைக் கம்பெனியாக வளர்த்தவர் யூஜின் ஓக்ஷாட். கடையில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு கடைக்கே முதலாளி ஆனவர் இவர்.

1895-ல் மவுண்ட் ரோட்டில் பிரம்மாண்டமான சிவப்புக் கட்டடம் எழும்பியது. 1897-ல் லிமிடெட் கம்பெனி ஆனது. ஆசியாவிலேயே பெரிய கடைகளில் ஒன்று என்று பேர் வாங்கியது. துரைமார் வீட்டுக்கு வேண்டிய வெண்ணெய், ஜாம், பிஸ்கெட், ஒயின் எல்லாம் அங்கேதான். வெயிலுக்கு ஸ்பென்சர் சோடா. சாப்பிட்ட பிறகு பற்ற வைக்கத் திண்டுக்கல் புகையிலையில் செய்த ஸ்பென்சர் சுருட்டு!

கடை அதோடு நிற்கவில்லை. பக்கத்திலேயே இருந்த கன்னிமாரா ஓட்டல் ஓக்ஷாட் கைக்கு வந்தது. தென்னிந்திய ரயில் நிலையங்களில் சிற்றுண்டிச் சாலை நடத்தும் காண்டிராக்டும் ஸ்பென்சருக்குக் கிடைத்தது. துரை சென்னையில் ரயில் ஏறி ஊட்டிக்குப் போனாலும், வழி நெடுக அவர் சாப்பிட்ட ரொட்டியும் குடித்த சோடாவும் ஸ்பென்சர் கணக்குதான்.

இப்படி வயிற்றைப் பிடித்த கம்பெனிக்கு அடுத்தபடியாகக் காதைப் பிடிக்கத் தோன்றியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

மாலைப் பேப்பர் கைமாறியது

அப்போது சென்னையில் வெள்ளைக்காரர்களுக்கென்று இரண்டு ஆங்கிலப் பேப்பர்கள் இருந்தன. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஒன்று. 1868-ல் சார்லஸ் லாசன், ஹென்றி கார்னிஷ் என்ற இரண்டு பத்திரிகைக்காரர்கள் தொடங்கிய 'மெட்ராஸ் மெயில்' இன்னொன்று. மெயில் மாலைப் பேப்பர். இந்தியாவின் முதல் மாலைத் தினசரி என்ற பெருமை அதற்கு உண்டு.

இரண்டு பேப்பருக்கும் ஓயாத போட்டி. 1921-ல் போட்டி முடிந்தது! எப்படி? ஸ்பென்சர் கம்பெனியை நடத்திய ஜான் ஓக்ஷாட் ராபின்சன் மெயிலை வாங்கினார். டைம்ஸும் அவர் கைக்கு வந்தது. டைம்ஸை மெயிலுக்குள் சேர்த்துவிட்டார். இரண்டு பேப்பர் ஒரு பேப்பர் ஆனது. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும் அவருடைய குடையின் கீழ் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் துரை சாப்பிடும் வெண்ணெய் ஸ்பென்சருடையது. பகலில் வாங்கும் புத்தகம் ஹிக்கின்பாதம்ஸுடையது. ராத்திரி விருந்து கன்னிமாராவில். சாயந்திரம் கையில் விரிக்கும் பேப்பர் மெயில். மவுண்ட் ரோட்டின் ஒரு பக்கத்து உலகம் முழுக்க ஒரே வட்டத்துக்குள்!

மெயில் யாருக்காகப் பேசியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஐரோப்பிய வியாபாரிகளுக்காகப் பேசியது. ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் கொழுந்துவிட்டு எரிந்த வருஷம் 1921. அதே வருஷத்தில் வெள்ளைக்காரர்களின் குரலாக இருந்த இரண்டு பேப்பர்களும், வெள்ளைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் பெரிய கடையின் தலைவர் கையில் போய்ச் சேர்ந்தன. முதலாளியின் வாடிக்கையாளரும் பேப்பரின் வாசகரும் ஒரே ஆட்கள். அவர்கள் முகம் சுளிக்கும்படி எழுதினால் பேப்பரும் போகும், வெண்ணெயும் போகும்!

தைல டப்பாவிலிருந்து தலையங்கம்

இப்போது மயிலாப்பூருக்கு வருவோம். லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கிறதே, காலையில் நடக்கப் போகிறவர்கள், சாயந்திரம் பெஞ்சில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம். அந்த நாகேஸ்வரராவ் யார் என்று கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள்.

காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலு கிருஷ்ணா மாவட்டத்துக்காரர். 1867-ல் பிறந்தவர். மருந்து வியாபாரத்தில் தொழில் பழகி, பம்பாய் போய், 1893-ல் அங்கே அமிர்தாஞ்சன் கம்பெனியைத் தொடங்கினார். மஞ்சள் தைலம். சின்னக் குப்பி. விலை பத்தணா. பத்தணா அந்தக் காலத்தில் லேசான காசு இல்லை. ஆனால் மனுஷர் வியாபாரம் தெரிந்தவர். சங்கீதக் கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு இலவசமாகவே தைலம் கொடுத்தார். சும்மா தடவிப் பார்த்தவர்கள் அடுத்த தடவை கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கினார்கள்.

சாம்பிள் கொடுத்துச் சரக்கை விற்கும் வித்தையை இன்றைக்கு ரங்கநாதன் தெருவில் பார்க்கிறோமே, அதை அவர் அப்போதே செய்துவிட்டார்.

1907-ல் சூரத் காங்கிரஸ். மிதவாதிகளும் தீவிரவாதிகளும் அடித்துக்கொண்டு பிரிந்த அந்த மாநாட்டுக்குப் பிறகுதான், தெலுங்கு மக்களுக்கென்று ஒரு பத்திரிகை வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. 1908-ல் பம்பாயிலேயே 'ஆந்திர பத்திரிகா' வார இதழாகப் பிறந்தது. 1914-ல் கம்பெனியோடு பத்திரிகையும் சென்னைக்கு வந்து, தினசரி ஆனது. 1924-ல் 'பாரதி' என்ற இலக்கிய மாத இதழும் சேர்ந்தது.

தைலத்தில் வந்த லாபம் பத்திரிகையைத் தாங்கியது. இது ரகசியமே இல்லை. ஊரறிந்த விஷயம்.

தைலம் இல்லாத பேப்பர் என்ன ஆனது?

தைலம் கைகொடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அதற்கும் இதே ஊரில் சாட்சி இருக்கிறது.

ஆந்திர கேசரி டி. பிரகாசம், சென்னையில் கொடிகட்டிப் பறந்த வக்கீல். ராபின்சன் மெயிலை வாங்கிய அதே 1921-ல், பிரகாசம் 'ஸ்வராஜ்யா' தினசரியைத் தொடங்கினார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, சம்பாதித்த பணத்தையெல்லாம் அதில் கொட்டினார். ஆங்கிலத்தோடு தமிழ், தெலுங்கிலும் நடத்தினார். பேர் கிடைத்தது. காசு கிடைக்கவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. 1930-களில் பேப்பர் மூச்சை விட்டது.

மூன்று பேர், மூன்று பேப்பர். சோடா தாங்கிய பேப்பர் நின்றது. தைலம் தாங்கிய பேப்பர் நின்றது. வெறும் லட்சியம் தாங்கிய பேப்பர் படுத்துவிட்டது!

கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். எந்தச் சரக்கையும் அடக்க விலைக்குக் குறைவாக விற்றால் கடை தாங்காது. பேப்பர் ஒன்றுதான் தினமும் அடக்க விலைக்குக் குறைவாக விற்கப்படும் சரக்கு. காகிதம், மை, அச்சுக்கூலி, ஆள் சம்பளம், ஏஜெண்ட் கமிஷன் எல்லாம் கூட்டினால் வாசகர் கொடுக்கும் காசு பெரும்பாலும் போதாது. மிச்சத்தை யாரோ கொடுக்கிறார்கள். விளம்பரதாரர் கொடுக்கலாம். கட்சி கொடுக்கலாம். முதலாளியின் இன்னொரு தொழில் கொடுக்கலாம். கொடுக்கிறவர் சும்மா கொடுப்பாரா என்பதுதான் கேள்வி.

ஸ்ரீபாக் பங்களாவில் நடந்தது

நாகேஸ்வரராவ் சும்மா கொடுக்கவில்லை. ஆனால் அவர் எதிர்பார்த்தது தைல விற்பனையை அல்ல. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் பிரகாசத்தோடு சேர்ந்து சென்னையில் முன்னால் நின்றார், சிறைக்கும் போனார். வியாபாரி ஜெயிலுக்குப் போனால் கடைக்கு லாபமா, நஷ்டமா? எந்தக் கணக்குப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லுவார்.

அவருடைய பெரிய ஆசை தனி ஆந்திர மாகாணம். அப்போது சென்னை மாகாணத்தில் தமிழரும் தெலுங்கரும் சேர்ந்தே இருந்தார்கள். ஆனால் கடற்கரை ஆந்திரர்களுக்கும் ராயலசீமைக்காரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. பல்கலைக்கழகம் யாருக்கு, ஆற்றுத் தண்ணீர் யாருக்கு, ஹைகோர்ட் எங்கே என்று தகராறு. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசிய இடம், மயிலாப்பூரில் நாகேஸ்வரராவின் 'ஸ்ரீபாக்' பங்களா. 1937 நவம்பர் 16-ல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்துக்கு 'ஸ்ரீபாக் ஒப்பந்தம்' என்றே பெயர். 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது தலைநகர் கர்நூலுக்கும் ஹைகோர்ட் குண்டூருக்கும் போனதற்கு வேர் இந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

ஒரு தைலக் கம்பெனி முதலாளி வீட்டுக் கூடத்தில் ஒரு மாநிலத்தின் வரைபடம் பேசி முடிக்கப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

1938-ல் நாகேஸ்வரராவ் காலமானார். மருமகன் சிவலெங்க சம்புப் பிரசாத் கம்பெனியையும் பத்திரிகையையும் சேர்த்து நடத்தினார். 1952-ல் தனி ஆந்திரம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்ததும் மயிலாப்பூரில்தான். ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஒரு வீட்டில் 58 நாள் பட்டினி கிடந்து டிசம்பர் 15-ல் உயிர் விட்டார். 'மதராஸ் எங்களுக்கே' என்று தெலுங்கர்கள் ஒரு பக்கம். சென்னையை விடமாட்டோம் என்று ம.பொ.சி.யும் சென்னை மாநகராட்சியும் மறுபக்கம். ஊரே இரண்டுபட்டு நின்ற நேரம் அது.

அந்த நேரத்தில் தமிழர் வீட்டுத் தலைவலிக்கும் அமிர்தாஞ்சன்தான் மருந்து. அந்தத் தைலம் வளர்த்த பத்திரிகையோ தனி ஆந்திரத்தின் குரல். தைலம் வாங்கிய தமிழர்களில் எத்தனை பேர் இதை யோசித்தார்களோ! தமிழர் கொடுத்த காசும், தெலுங்கர் கொடுத்த காசும் ஒரே கல்லாவில்தான் விழுந்தது. அங்கிருந்து எந்தத் தலையங்கத்துக்குப் போவது என்பதை வாங்கியவர் யாரும் தீர்மானிக்கவில்லை.

நாகேஸ்வரராவை ஆந்திர மக்கள் 'தேசோத்தாரக' என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் நல்லவர் கையில் இருந்தாலும், அல்லாதவர் கையில் இருந்தாலும், ஒரு சரக்கின் லாபம் ஒரு கொள்கையின் ஒலிபெருக்கி ஆகும் வழி ஒன்றேதான்.

சர்க்கரை ஆலையும் டைம்ஸும்

வடக்கே இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. பீகாரில் சர்க்கரை ஆலை வைத்து முன்னுக்கு வந்தவர் ராமகிருஷ்ண டால்மியா. சிமெண்டு, காகிதம், பாங்கு, இன்ஷூரன்ஸ் என்று வளர்ந்து, 1946-ல் பம்பாய் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வை நடத்தும் பென்னட் கோல்மன் கம்பெனியையே வாங்கிவிட்டார். வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை விடாமல் துரத்தியது. அவர் வசம் இருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பணம் எங்கே போனது என்று பெரோஸ் காந்தி 1955-ல் பார்லிமெண்டில் போட்டு உடைத்தார். விவியன் போஸ் தலைமையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. இன்ஷூரன்ஸ் பணத்தைக் கையாடிய வழக்கில் டால்மியா ஜெயிலுக்கே போனார். பத்திரிகை அவருடைய மாப்பிள்ளை சாகு ஜெயின் குடும்பத்துக்குப் போயிற்று.

ஆலை முதலாளிகள் கையில் பேப்பர் இருக்கலாமா என்ற கேள்வி அதிலிருந்து டெல்லியில் ஓயவில்லை. நீதிபதி மாத்யூ தலைமையில் அமைந்த இரண்டாவது பத்திரிகைக் கமிஷன் 1982-ல் அறிக்கை கொடுத்தது. பத்திரிகையையும் மற்றத் தொழில்களையும் பிரித்துவிட வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது. சிபாரிசு பீரோவுக்குள் போய்த் தூங்கியது. எந்த அரசாங்கமும் எழுப்பவில்லை.

கொழும்பில் ஒரு சாக்லேட் சக்கரவர்த்தி

கடல் தாண்டினால் கொழும்பு. அங்கே உபாலி விஜயவர்த்தன என்றொரு வாலிபர். கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படித்தவர். லீவர் பிரதர்ஸில் வேலை. மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை. வேலையை உதறிவிட்டு மிட்டாய் வியாபாரத்தில் இறங்கினார். 'டெல்டா' டாபியும் 'காண்டோஸ்' சாக்லேட்டும் இலங்கைப் பெட்டிக்கடைகளில் ஓகோவென்று ஓடின.

மிட்டாயில் வந்த பணத்தில் ரேடியோ தயாரித்தார். 'உபாலி பியட்' என்று தன் பெயரிலேயே கார் பூட்டி விற்றார். மலேசியாவிலும் சாக்லேட் வியாபாரம். பந்தயக் குதிரைகள். சொந்த ஜெட் விமானம். மிட்டாய்க்காரர் கோடீஸ்வரர் ஆனார். ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனே இவருக்கு அத்தை மகன். அவரே உபாலியை 1978-ல் பெருநகரக் கொழும்புப் பொருளாதாரக் கமிஷனுக்குத் தலைவராகப் போட்டார்.

அங்கே பத்திரிகை உலகின் நிலை என்ன? 'லேக் ஹவுஸ்' என்ற பெரிய பத்திரிகை நிறுவனத்தை உருவாக்கியவர் உபாலியின் பெரியப்பா முறையான டி.ஆர். விஜயவர்த்தன. அதை 1973-ல் சிறிமாவோ அரசாங்கம் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. 1977-ல் 'டைம்ஸ்' குழுமமும் அரசாங்கத்தின் கைக்குப் போனது. பெரிய பேப்பர்கள் அரசாங்கம் ஊதும் குழல்கள் ஆகிவிட்டன. இந்தச் சந்தர்ப்பத்தில்தான் 1981-ல் உபாலி 'தி ஐலண்ட்' என்ற ஆங்கில தினசரியையும் 'திவயின' என்ற சிங்கள தினசரியையும் கொண்டுவந்தார்.

வரவேற்றவர்கள் உண்டு. அரசாங்கம் அல்லாத ஒரு குரல் கிடைத்ததே என்றார்கள். சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஜனாதிபதியின் உறவினர், அரசாங்கப் பதவியில் இருந்தவர், நாட்டின் பெரிய முதலாளிகளில் ஒருவர், இப்போது பத்திரிகையும் அவர் கையில். அரசியலுக்கு வர ஏணி போடுகிறார் என்ற பேச்சு கொழும்பு முழுக்க அடிபட்டது. பிரதமர் பிரேமதாசாவுக்கும் அவருக்கும் ஆகாது என்பதும் ஊரறிந்த சங்கதி.

1983 பிப்ரவரி 13. கோலாலம்பூரில் இருந்து உபாலியை ஏற்றிக்கொண்டு அவருடைய ஜெட் விமானம் கொழும்புக்குக் கிளம்பியது. மலாக்கா ஜலசந்திக்கு மேலே மாயமாய் மறைந்தது! உபாலியும் கிடைக்கவில்லை, உடன் போனவர்களும் கிடைக்கவில்லை. கடலைச் சல்லடை போட்டுத் தேடியும் பலன் இல்லை. நாற்பது வருஷம் தாண்டியும் மர்மம் விலகவில்லை.

முதலாளி போனார். பேப்பர் போகவில்லை. சாக்லேட்டும் போகவில்லை. குடும்பத்தார் கையில் இரண்டும் தொடர்ந்தன. அந்த வருஷம் ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. அடுத்து வந்த நீண்ட யுத்தத்தில் 'திவயின' சிங்கள தேசியவாதத்தின் குரல் என்றே பெயர் எடுத்தது. தமிழர் தரப்பில் அதன் மேல் மனக்குறை உண்டு.

மிட்டாய் வாங்கும் குழந்தைக்கு எந்த இனமும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் டெல்டா டாபியைச் சப்பியிருக்கும். அந்தக் காசும் சேர்ந்துதானே அச்சு இயந்திரம் வாங்கியது? மயிலாப்பூரில் தைலத்துக்கு வந்த அதே கதை, கொழும்பில் மிட்டாய்க்கு வந்தது. ஆனால் கொழும்பில் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

எண்ணெய் பாக்கெட்டும் டி.வி. பெட்டியும்

பழைய கதைதானே என்று தள்ளிவிட முடியாது. தி.நகர், அடையாறு மளிகைக் கடைகளில் 'பார்ச்சூன்' எண்ணெய் பாக்கெட் தொங்குவதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அதானி குழுமமும் சிங்கப்பூர் வில்மர் கம்பெனியும் 1999-ல் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய அதானி வில்மரின் சரக்கு அது. எண்ணெய், கோதுமை மாவு, அரிசி என்று சமையல் கட்டுக்குள் நுழைந்தது. 2022 தொடக்கத்தில் பங்குச் சந்தைக்கு வந்து 3,600 கோடி ரூபாய் திரட்டியது. அதானிக்குத் துறைமுகம், மின்சாரம், நிலக்கரி, விமான நிலையம் என்று எத்தனையோ தொழில்கள். அதில் சமையலறைக்குத் தெரிந்த முகமாக அப்போது இருந்தது இந்த எண்ணெய் பாக்கெட்.

அதே 2022, ஆகஸ்ட் 23. என்.டி.டி.வி.யை நோக்கி அதானி குழுமம் அடி எடுத்து வைத்தது. எப்படி? பல வருஷத்துக்கு முன்னால் அந்த டி.வி.யின் நிறுவனர்கள் பிரணாய் ராய், ராதிகா ராய் தம்பதி தங்கள் கம்பெனியின் பேரில் ஒரு சின்னக் கம்பெனியிடம் 403 கோடி ரூபாய்க்கு மேல் வட்டியில்லாக் கடன் வாங்கியிருந்தார்கள். கடனைப் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்பது பத்திரத்தில் இருந்த ஷரத்து. கடன் கொடுத்த கம்பெனியையே அதானி குழுமம் வாங்கியது! ஷரத்தைப் பிரயோகித்து, டி.வி.யில் 29.18 சதவிகிதம் பங்கைக் கையில் எடுத்தது. எங்களைக் கேட்கவே இல்லை என்றது என்.டி.டி.வி. தரப்பு.

அடமானக் கடையில் நகை வைத்தவர்களுக்கு இந்த வித்தை புரியும். சேட்டு மாறினாலும் சீட்டு செல்லும்!

நவம்பர் கடைசியில் ராய் தம்பதி தாய்க் கம்பெனியின் டைரக்டர் பதவியை விட்டார்கள். அடுத்த நாளே பிரபல அறிவிப்பாளர் ரவீஷ் குமார் ராஜினாமா செய்தார். டிசம்பரில் ராய் தம்பதி தங்கள் பங்கில் பெரும்பகுதியையும் விற்றுவிட, அதானி குழுமத்தின் பங்கு 64 சதவிகிதத்தைத் தாண்டியது. அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் சில டி.வி.க்களில் ஒன்று போய்விட்டது என்று ஒரு தரப்பு. நஷ்டத்தில் தடுமாறுவதை முதலீடு போட்டுக் காப்பாற்றினால் என்ன தப்பு என்று மறு தரப்பு.

இதில் ஒரு வேடிக்கை. 2024 டிசம்பரில் எண்ணெய் வியாபாரத்தில் இருந்து விலகப்போவதாக அதானி குழுமம் அறிவித்தது. எண்ணெய்க் கம்பெனியின் பெயரே 2025-ல் ஏ.டபிள்யூ.எல். அக்ரி பிசினஸ் என்று மாறியது. எண்ணெய் வேண்டாம் என்றவர்கள் டி.வி.யை வேண்டாம் என்று சொல்லவில்லை!

கடை இருக்கு, பேப்பர் எங்கே?

சென்னைக் கதையின் முடிவு என்ன? மெயிலையும் ஹிக்கின்பாதம்ஸையும் 1945-ல் சிம்சன் அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம் வாங்கியது. பின்னாளில் டிராக்டர், எஞ்சின் தயாரித்தவர்கள் கைக்குப் பேப்பர் போனது. 113 வருஷம் ஓடிய மெயில் 1981-ல் நின்றது. ஹிக்கின்பாதம்ஸ் நிற்கவில்லை. ஸ்பென்சரின் பழைய கட்டடம் 1980-களில் தீக்கு இரையானது. அதே இடத்தில் ஸ்பென்சர் பிளாசா வந்தது. கடையின் பெயருக்குச் சாவில்லை.

ஆந்திர பத்திரிகா 1991-ல் நின்றது. பாரதியும் நின்றது. அமிர்தாஞ்சன் நிற்கவில்லை. 2011-ல் 'புரூட்னிக்' என்ற பழச்சாறு வியாபாரத்தையும் வாங்கி, தைலக் கம்பெனி பானக் கம்பெனியாகவும் ஆனது. தலைவலி என்றால் இன்றும் கை தேடுவது அந்த மஞ்சள் தைலத்தைத்தான்.

தொழில் தாங்கிய பேப்பர் தொழிலுக்கு அடுத்தபடிதான். முதலாளிக்கு வேண்டிய வரைக்கும் ஓடும். வேண்டாம் என்று தோன்றினால் முதலில் மூடப்படுவது அச்சுக்கூடம்தான், ஆலை இல்லை. வேலை போவது பேப்பரில் எழுதிய, அச்சுக் கோத்த, பார்சல் கட்டிய ஆட்களுக்கு. வாசகருக்குப் போவது ஒரு குரல். ஓடுகிற வரைக்கும் அது யாருக்காகப் பேசுகிறது என்பதுதான் வாசகருக்கு உள்ள வேலை.

தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. பேப்பரின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர் இருக்கும். 1956-ம் வருஷத்து மத்திய விதிகளின்படி, பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் 'படிவம் 4' என்று ஓர் அறிக்கை வந்துகொண்டிருந்தது. உரிமையாளர் யார், ஒரு சதவிகிதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் யார் யார் என்று அதில் பெயர் போட வேண்டியிருந்தது. கடலை மடிக்கும் காகிதத்தில் கூட அது கண்ணில் பட்டது. படித்தவர்கள்தான் குறைவு. 2024 மார்ச்சில் பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தது. வருஷா வருஷம் பத்திரிகைப் பதிவாளருக்குக் கணக்குக் கொடுக்கும் கடமை அதிலும் உண்டு.

டி.வி. சமாச்சாரம் அவ்வளவு சுலபம் இல்லை. கம்பெனிக்குள் கம்பெனி, அதற்குள் இன்னொரு கம்பெனி. வெங்காயம் உரிக்கிற மாதிரி உரித்துக்கொண்டே போக வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014 ஆகஸ்டில் ஒரு சிபாரிசு கொடுத்தது. அரசியல் கட்சிகளை இந்தத் துறைக்குள் விடக்கூடாது, பெரிய தொழில் குழுமங்கள் நுழைவதற்கும் கடிவாளம் வேண்டும் என்றது. 1982 சிபாரிசு தூங்கும் அதே பீரோவில் அதுவும் போய்ப் படுத்துக்கொண்டது.

எண்ணெய் பாக்கெட்டின் பின்னால் என்ன கலந்திருக்கிறது, யார் தயாரித்தார்கள், எந்தத் தேதி வரை நல்லது என்று அச்சிட்டே ஆக வேண்டும். அச்சிடாவிட்டால் கடைக்காரர் மேலேயே வழக்கு வரும். பக்கத்தில் தொங்கும் பேப்பருக்கும், கடைக்குள் ஓடும் டி.வி.க்கும் அதே கண்டிப்பு எப்போது வரும்? மவுண்ட் ரோட்டில் 1921-ல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சீட்டுப் பெறப்பட்டது, பதில் வரவில்லை!